சாபமா? நிற ஜாதியா? - அமெரிக்க ஆட்டக் கொட்டகைகள் கற்பிக்கும் பாடம்

அமெரிக்க தேசத்து ஆட்டக் கொட்டகைகளைப் பற்றி இந்த வாரம் எழுதப் போகிறோம் என்றால், "நமக்கும் பந்தாட்டத்திற்கும் என்ன சம்பந்தம்? எழுதுவதற்கு வேறு விஷயமே அகப்படவில்லையா?" என்று சில தோழர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. ஆனால், ஒரு ஜனசமூகத்தின் யோக்கியதையை அறிய வேண்டுமானால் அவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பார்ப்பதைவிட வேடிக்கை பார்க்கக் கூடும் இடத்தைப் பார்ப்பதே மேல் என்பது நமது அபிப்பிராயம். ஏனெனில், வேலை செய்யும் இடத்தில் மனிதன் வயிற்றுக்காக அடங்கி நடப்பான். காசு கொடுத்து வேடிக்கை பார்க்கப் போகும் இடத்திலோ, யார் பக்கத்தில் யார் உட்காரலாம், யார் எந்த வாசலில் நுழையலாம், எந்தக் கிழமையில் ஆடலாம், எந்தக் கிழமையில் ஆடக்கூடாது என்பதெல்லாம் வெளிப்பட்டு, அந்தச் சமூகத்தின் உள்ளழுக்கு வெட்டவெளிச்சமாகிவிடும்.

அமெரிக்கர்களுக்குப் பேஸ்பால் என்று ஓர் ஆட்டம் உண்டு. ஒருவன் பந்தை எறிய, மற்றொருவன் உருண்டைக் கட்டையால் அடித்து ஓடுகிற ஆட்டம். கிரிக்கெட்டுக்குத் தூரத்து உறவு என்று வைத்துக் கொள்ளலாம். இதைப் பார்க்க ஆயிரக்கணக்கான ஜனங்கள் டிக்கட்டு வாங்கிக் கூடுவது சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே வழக்கமாகிவிட்டது. அந்தக் காலத்துக் கொட்டகைகளெல்லாம் மரத்தால் ஆனவை. பலகை ஆசனம், மரத்தூண், மேலே கூரை, கீழே குப்பை. பார்க்க வருகிறவர்கள் கையிலோ சுருட்டு. இதன் பலன் என்னவாகும் என்பதற்கு ஜோசியம் தேவையில்லை.

1894-ம் வருஷம் மே மாதம் 15-ந் தேதி பாஸ்டன் நகரத்துக் கொட்டகையில் ஆட்டம் நடந்து கொண்டிருக்கும்போதே ஆசனங்களுக்குக் கீழே கிடந்த குப்பையில் சிறு நெருப்புப் பற்றியது. கோபுரங்கள் வைத்து அலங்காரமாகக் கட்டிய அந்தக் கொட்டகை முழுவதும் எரிந்ததோடல்லாமல், சுற்றுப்புறத்திலிருந்த நூற்றுக்கு மேற்பட்ட கட்டடங்களும் எரிந்து ஏழைகள் பலர் வீடில்லாமல் தெருவில் நின்றார்கள். அதே வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி சிகாகோ கொட்டகை எரிந்தது. மறுநாள் 6-ந் தேதி பிலடெல்பியா கொட்டகை எரிந்தது.

இவற்றுள் சிகாகோ சங்கதியைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அங்கே மலிவு டிக்கட்டுக்காரர்கள் மைதானத்திற்குள் இறங்கிவிடக் கூடாது என்பதற்காக, அவர்கள் உட்காரும் பாகத்தின் முன்னால் முள்ளுக்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பின்னால் நெருப்பு, முன்னால் முள்ளுக்கம்பி. ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கம்பியில் கிழிபட்டார்கள். ஆட்டக்காரர்கள் தங்கள் கையிலிருந்த கட்டைகளாலேயே வேலியை அடித்து வழி செய்தார்கள். நூற்றுக்கணக்கானவர்களுக்குக் காயம். காசு குறைவாகக் கொடுத்தவனுடைய உயிருக்கும் விலை குறைவுதான் என்று முதலாளி நினைத்ததற்கு அந்த வேலியைவிட வேறு சாட்சி வேண்டுமோ என்று கேட்கிறோம்.

பிறகு 1903-ம் வருஷம் ஆகஸ்டு 8-ந் தேதி பிலடெல்பியாவில் வேறொரு விபத்து. ஆட்டம் நடக்கும்போது வெளியே தெருவில் ஏதோ கூச்சல் கேட்டது. அதைப் பார்க்க ஜனங்கள் சுவர்மேல் நீட்டிக்கொண்டிருந்த மரத் தாழ்வாரத்திற்கு ஓடினார்கள். உளுத்துப்போயிருந்த மரம் பாரம் தாங்காமல் ஒடிந்து, ஜனங்கள் தெருவில் கொட்டப்பட்டார்கள். 12 பேர் செத்தார்கள். இருநூற்றுக்கு மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள். 1911-ம் வருஷம் மார்ச்சு 17-ந் தேதி வாஷிங்டன் கொட்டகை எரிந்தது. அடுத்த மாதம் 14-ந் தேதி நியூயார்க்கில் போலோ கிரவுண்ட்ஸ் என்னும் பெரிய கொட்டகை எரிந்தது.

இவ்வளவும் நடந்தபிறகு மனிதன் என்ன செய்தான்? அக்கினி பகவானுக்குச் சாந்தி செய்தானா? மாதா கோயிலில் மெழுகுவர்த்தி கொளுத்தினானா? கொளுத்தினவர்கள் இருக்கலாம். ஆனால் நெருப்பை நிறுத்தியது அது அல்ல. யோசித்தவன் நிறுத்தினான். சிமெண்டும் மணலும் ஜல்லியும் கலந்த கான்கிரீட்டு, மேலிருந்து அமுக்குகிற பாரத்தை எவ்வளவும் தாங்கும். ஆனால் இழுத்தால் வெடித்துவிடும். இரும்புக் கம்பியோ இழுப்பைத் தாங்கும்; ஆனால் நெருப்பில் சூடேறினால் வளைந்துவிடும். கம்பியை உள்ளே வைத்துக் கான்கிரீட்டை மேலே மூடினால், ஒன்றின் குறையை மற்றொன்று தீர்த்து, நெருப்புக்கும் பாரத்துக்கும் அசையாத பொருள் கிடைத்துவிடுகிறது. இவ்வளவுதான் இரகசியம். இதற்கு மந்திரமும் இல்லை, தந்திரமும் இல்லை.

ஹார்வர்டு சர்வகலாசாலையார் 1903-ல் தங்கள் கால்பந்தாட்டத்திற்காக இந்த முறையில் ஒரு பெரிய ஸ்டேடியம் கட்டிக் காட்டினார்கள். பேஸ்பால் முதலாளிகளுக்குப் புத்தி வர இன்னும் ஆறு வருஷம் ஆயிற்று. 1909-ம் வருஷம் ஏப்ரல் 12-ந் தேதி பிலடெல்பியாவில் ஷைப் பார்க்கு திறக்கப்பட்டது. இரும்பும் கான்கிரீட்டும் கொண்டு கட்டிய முதல் பேஸ்பால் மாளிகை அதுதான். திறப்பு நாளில் 30,000 பேருக்கு மேல் கூடினார்கள். அதே வருஷம் ஜூன் 30-ந் தேதி பிட்ஸ்பர்க்கில் போர்ப்ஸ் பீல்டு. 1910 ஜூலையில் சிகாகோவில் கோமிஸ்கி பார்க்கு. 1912 ஏப்ரலில் பாஸ்டனில் பென்வே பார்க்கு. 1913-ல் புரூக்ளினில் எபெட்ஸ் பீல்டு. 1914-ல் சிகாகோவில் இன்று ரிக்ளி பீல்டு என்று வழங்கும் மைதானம். 1923-ல் நியூயார்க்கில் யாங்கீ ஸ்டேடியம் என்று வரிசையாக எழும்பின. எரிந்துபோன போலோ கிரவுண்ட்ஸும் அதே வருஷத்திலேயே இரும்பும் கான்கிரீட்டுமாக எழுந்துவிட்டது. வாஷிங்டனிலோ எரிந்த ஒரு மாதத்திற்குள்ளாகவே புதிய கொட்டகையில் ஆட்டம் தொடங்கிவிட்டார்கள். யாங்கீ ஸ்டேடியத்திற்கு வந்த சிமெண்டு, பேசும் பெட்டி கண்டுபிடித்த எடிசன் என்பாருடைய கம்பெனியின் சிமெண்டு.

இந்தக் கொட்டகைகள் எழுந்த இடங்களும் வேடிக்கையானவை. ஷைப் பார்க்கு கட்டிய இடத்துக்குப் பக்கத்தில் அம்மை நோய்க்காரர்களை வைக்கும் ஆஸ்பத்திரி இருந்தது. அதற்குப் பயந்து ஒருவரும் அப்பக்கம் வரவில்லை. நிலம் மலிவாய்க் கிடந்தது. ஆஸ்பத்திரி சீக்கிரம் மூடப்படும் என்று தெரிந்துகொண்ட முதலாளிகள் மற்றவர்கள் பெயரில் நிலத்தை வாங்கிப் போட்டார்கள். கோமிஸ்கி பார்க்கு இருந்த இடம் ஊர்க் குப்பைமேடு. ரிக்ளி பீல்டு இருக்கும் இடமோ, பாதிரிமார்களுக்கு வேதம் கற்பிக்கும் கலாசாலை இருந்த இடம். பாதிரிகள் போனார்கள், பந்தாட்டக்காரர்கள் வந்தார்கள். பூமி பிளந்துவிடவில்லை.

நிற்க, பாதிரிமார்களுடைய பேச்சு வந்துவிட்டபடியால் அவர்கள் இந்த ஆட்டத்திற்குச் செய்த உபகாரத்தையும் சொல்லிவிட வேண்டும். கிறிஸ்தவ மதப்படி ஞாயிற்றுக்கிழமை ஆண்டவனுடைய ஓய்வு நாளாம். ஆகையால் அன்றைக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆடுவது பாவமாம். பாவம் என்று கோயிலில் சொல்லிவிட்டு நிறுத்தியிருந்தாலும் பாதகமில்லை. அதையே சர்க்கார் சட்டமாக்கி, மீறினவனைப் போலீசைக் கொண்டு பிடிக்கச் செய்தார்கள். வாரத்தில் ஆறு நாள் ஆலையில் வேலை செய்கிற தொழிலாளிக்கு ஓய்வு ஞாயிறு ஒரு நாள்தான். மற்ற நாட்களில் பகல் மூன்று மணிக்கு ஆட்டம் பார்க்கப் போகக் கூடியவன் யார்? வக்கீல், வியாபாரி, உத்தியோகஸ்தன். ஆகவே ஞாயிறு ஆட்டம் பாவம் என்பதன் உண்மையான அர்த்தம், தொழிலாளி ஆட்டம் பார்ப்பது பாவம் என்பதுதான்.

1917-ம் வருஷம் ஆகஸ்டு 19-ந் தேதி ஞாயிற்றுக்கிழமை, யுத்தத்திற்குப் போகும் சிப்பாய்களின் உதவி நிதிக்காக நியூயார்க்கில் ஓர் ஆட்டம் நடத்தினார்கள். அதற்காக இரண்டு கட்சித் தலைவர்களான மக்ரா, மாத்யூசன் என்பவர்களைக் கைது செய்தார்கள்! மாஜிஸ்திரேட்டுக்குக் கொஞ்சம் புத்தி இருந்தபடியால் வழக்கைத் தள்ளிவிட்டார். பிறகு 1919-ல்தான் அந்த ராஜ்யத்தில் சட்டம் மாறியது. பிலடெல்பியாவிலோ 1794-ம் வருஷத்துச் சட்டம் ஒன்று அதன்பிறகும் உயிரோடு உட்கார்ந்திருந்தது. 1926-ல் ஷைப் பார்க்கில் ஒரு ஞாயிறு ஆட்டம் ஆடிப் பார்த்தார்கள். மறு வருஷம் பெரிய கோர்ட்டு அது குற்றமே என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1933-ல் ஜனங்களே வோட்டுப் போட்டு அந்தச் சட்டத்தை அசைத்தார்கள். 1934-ல்தான் ஆட்டம் நடந்தது. பாஸ்டனில் நடந்ததோ இதைவிட வேடிக்கை. அங்கே 1929-ல் ஞாயிறு ஆட்டத்திற்கு அனுமதி கொடுத்தார்கள். ஆனால் மாதா கோயிலுக்கு 1,000 அடிக்குள் ஆடக்கூடாதாம். பென்வே பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு கோயில் இருந்தது. ஆகவே அந்தக் கட்சியார் தங்கள் சொந்த மைதானத்தைப் பூட்டிவிட்டு, 1932 வரையில் ஞாயிறுதோறும் வேறு கட்சியாருடைய மைதானத்திற்குப் போய் ஆடினார்கள். 999 அடியில் கோபிக்கிற கடவுள் 1,001 அடியில் கண்ணை மூடிக்கொள்ளுவார் போலும்!

ஞாயிறன்று ஆடினால் தெய்வ கோபம் வரும் என்றவர்களுக்கு நாம் மேலே சொன்ன நெருப்புகளின் கணக்கையே காட்ட விரும்புகிறோம். பாஸ்டன் கொட்டகை எரிந்தது செவ்வாய்க்கிழமை. சிகாகோ எரிந்தது ஞாயிற்றுக்கிழமை. பிலடெல்பியா எரிந்தது திங்கட்கிழமை. தாழ்வாரம் ஒடிந்து 12 பேர் செத்தது சனிக்கிழமை. போலோ கிரவுண்ட்ஸ் எரிந்தது வெள்ளிக்கிழமை. அதுவும் சாதாரண வெள்ளியல்ல, ஏசு சிலுவையில் அறையப்பட்டதாகக் கொண்டாடும் பெரிய வெள்ளி. நெருப்புக்குக் கிழமை தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் மரம் எது, கான்கிரீட்டு எது என்பதுதான்.

இனி விஷயத்தின் சாரத்திற்கு வருவோம்.

இந்தப் புதிய மாளிகைகள் திறக்கப்பட்டபோது, "இதோ பாருங்கள் ஜனநாயகம்! கோடீசுவரனும் கூலிக்காரனும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தைப் பார்த்து ஒரே குரலில் கூச்சலிடுகிறார்கள்" என்கிற தோரணையில் பெருமை பேசாதவர்கள் இல்லை. ஆனால் மைதானத்திற்குள் இறங்கி ஆடுகிறவர்களில் ஒரு கறுப்பு மனிதனாவது உண்டா என்றால் இல்லை. 1884-ல் மோசஸ் வாக்கர் என்கிற கறுப்பர் டொலீடோ ஊர்க் கட்சியில் பெரிய பந்தயங்களில் ஆடினார். அதன்பிறகு 1947 வரையில் பெரிய லீக்குகளில் கறுப்பு மக்களுக்கு இடமில்லை. இதற்குச் சட்டம் ஏதாவது எழுதி வைத்திருந்தார்களா? ஒரு காகிதமும் இல்லை. முதலாளிகளுக்குள் ஒரு வாய்ப்பேச்சு. அதற்குக் "கனவான்களுடைய உடன்பாடு" என்று பெயர்! கனவான்கள் கூடினால் செய்கிற காரியம் இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது. எழுதின சட்டமாயிருந்தால் கோர்ட்டுக்குப் போகலாம், கிழித்தெறியலாம். எழுதாத வழக்கத்தை எங்கே போய்க் கிழிப்பது? ஜாதியின் பலமெல்லாம் அது எழுதாமலே நடக்கிறது என்பதில்தான் இருக்கிறது.

பார்க்க வருகிறவர்களுக்குள்ளும் இந்தப் பேதம் இருந்தது. செயிண்ட் லூயி நகரத்து ஸ்போர்ட்ஸ்மன்ஸ் பார்க்கில் கறுப்பர்கள் வலது கோடியிலிருக்கும் பாகத்தில்தான் உட்காரலாம். கையில் காசு இருந்தாலும் மற்ற இடத்திற்கு டிக்கட்டு கிடையாது. 1944-ல்தான் இது ஒழிந்தது. அதாவது, ஹிட்லருடைய இனவெறியை ஒழிக்கக் கறுப்புச் சிப்பாய்கள் கடல் தாண்டிப் போய் உயிரைக் கொடுத்துக் கொண்டிருந்த காலத்திலும், அவர்களுடைய தகப்பன்மார்கள் உள்ளூரில் ஓரத்தில்தான் உட்கார வேண்டியிருந்தது. தலைநகரமான வாஷிங்டனில் கிரிபித் ஸ்டேடியத்திலும் கறுப்பர்களுக்கு வலது ஓரம்தான் வழக்கம். அந்த ஸ்டேடியம் இருந்ததோ கறுப்பு மக்கள் குடியிருக்கும் பேட்டையில்!

சரி, கறுப்பு ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தார்களா? இல்லை. தங்களுக்கென்று கட்சிகள் அமைத்துக் கொண்டார்கள். 1920-ல் ரூப் பாஸ்டர் என்பவருடைய முயற்சியால் நீக்ரோ நேஷனல் லீக்கு ஏற்பட்டது. ஆனால் ஆட இடம்? சிகாகோவில் வெள்ளைக்காரர் கட்சி 1910-ல் கோமிஸ்கி பார்க்கு என்கிற கான்கிரீட்டு மாளிகைக்குப் போனபிறகு, அவர்கள் விட்டுப்போன பழைய இடத்தில் மரக் கொட்டகையில் பாஸ்டருடைய கட்சியார் ஆடினார்கள். அவனுக்குக் கான்கிரீட்டு, இவனுக்கு மரம். அந்த மரக் கொட்டகையும் 1940-ம் வருஷம் டிசம்பர் 25-ந் தேதி, அதாவது கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, எரிந்துபோயிற்று. நெருப்பு கிழமை பார்ப்பதில்லை என்று சொன்னோம், பண்டிகையும் பார்ப்பதில்லை. ஆனால் நெருப்பிலிருந்து தப்புவிக்கும் கல்லுக் கொட்டகை யாருக்கு, எரியக்கூடிய மரக் கொட்டகை யாருக்கு என்பதை நிறம் பார்த்துத் தீர்மானித்தது நெருப்பல்ல, மனிதன்.

மற்ற ஊர்களில் வெள்ளைக்காரர் கட்சி வெளியூருக்குப் போயிருக்கும் நாட்களில் அவர்களுடைய ஸ்டேடியத்தைக் கறுப்புக் கட்சியார் வாடகைக்கு எடுத்து ஆடினார்கள். கோமிஸ்கி பார்க்கில் 1933 முதல் வருஷந்தோறும் நடந்த அவர்களுடைய பெரிய பந்தயத்திற்கு 1943-ல் 51,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்றால், ஜனங்களுடைய ஆசை எப்படி இருந்தது என்று பார்த்துக் கொள்ளலாம். மைதானத்தை வாடகைக்கு விடுவார்கள். ஆனால் உடை மாற்றும் அறையையும் குளிக்கும் இடத்தையும் பூட்டிவிடுவார்கள். பிட்ஸ்பர்க்கில் போர்ப்ஸ் பீல்டில் இப்படித்தான் நடந்தது. பணம் தீட்டுப்படாது, குழாய்த் தண்ணீர் மாத்திரம் தீட்டுப்படும்! பெயர்களை மாற்றிவிட்டுப் படித்தால் இது எந்த ஊர்ச் சங்கதி என்று வாசகர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இந்த அவமானத்திற்குப் பதில் சொன்னவர் அதே பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த கஸ் கிரீன்லீ என்கிற கறுப்பு முதலாளி. அவர் 1932-ல் சுமார் ஒரு லட்சம் டாலர் செலவில் கறுப்பு மக்கள் வாழும் பேட்டையிலேயே சொந்தமாக ஒரு ஸ்டேடியம் கட்டினார். படம் போட்டவர் லூயி பெல்லிங்கர் என்கிற கறுப்புக் கட்டடக்காரர். 7,500 பேர் உட்காரக்கூடிய அந்த இடத்தில் சாச்சல் பேய்ஜ், ஜாஷ் கிப்சன் முதலிய மகா சூரர்கள் ஆடினார்கள். உடை மாற்ற அறையும் குளிக்கத் தண்ணீரும் இருந்தன, பூட்டுவாரில்லை. கிரீன்லீயினுடைய பணம் சட்டத்துக்கு விரோதமான எண் சூதாட்டத்தில் வந்த பணம் என்பதை நாம் மறைக்கவில்லை. ஆனால் பாங்கிக்காரன் கறுப்பனுக்குக் கடன் கொடுக்க மாட்டேன் என்கிற தேசத்தில், சுயமரியாதைக்கு ஒரு கட்டடம் கட்ட வேண்டுமானால் வேறு எங்கிருந்து பணம் வரும் என்றும் கேட்காமலிருக்க முடியவில்லை. பொருளாதார நெருக்கடியில் அகப்பட்டு அந்த ஸ்டேடியம் ஆறே வருஷம் இருந்தது. 1938-ல் அதை இடித்துவிட்டு அங்கே சர்க்கார் குடியிருப்பு வீடுகள் கட்டினார்கள்.

நிற வேற்றுமையை முதலாளிகள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததற்குக் காரணம் வெறும் வெறுப்பு மாத்திரமல்ல, அதில் வரும்படியும் இருந்தது. 1946-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் லீக்கு முதலாளிகளின் கமிட்டி ஒன்று இரகசியமாக ஓர் அறிக்கை தயார் செய்தது. அதில் அவர்களே ஒப்புக்கொண்ட கணக்குப்படி, யாங்கீ கட்சிக்காரர்களுக்கு மாத்திரம் தங்கள் ஸ்டேடியங்களில் கறுப்புக் கட்சியார் ஆடுவதனால் வாடகை முதலியவையாக வருஷத்துக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலர் கிடைத்து வந்தது. கறுப்பர்களைச் சேர்த்துக்கொண்டால் அவர்களுடைய லீக்குகள் அழியும், வாடகை போய்விடும், பார்க்க வரும் கறுப்பர் கூட்டம் பெருகித் தங்கள் சொத்தின் மதிப்புக் குறையும் என்பது அவர்களுடைய கவலை. தர்மம், சாஸ்திரம், வழக்கம், சுபாவம் என்று வெளியில் எத்தனை பெயர் சொன்னாலும், ஜாதியின் அடியில் தோண்டிப் பார்த்தால் ஒரு கணக்குப் புஸ்தகம் அகப்படாமற் போகாது.

அந்தக் கணக்கே பொய் என்று மறு வருஷம் நிரூபணமாயிற்று. 1947-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி எபெட்ஸ் பீல்டில் ஜாக்கி ராபின்சன் என்கிற கறுப்பு வாலிபர் புரூக்ளின் கட்சியில் இறங்கி ஆடினார். அவரைச் சேர்த்தவர் பிராஞ்ச் ரிக்கி என்கிற நிர்வாகி. இந்த ரிக்கி பெரிய மத பக்தர். தாயாருக்குக் கொடுத்த வாக்குப்படி ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்திற்குப் போகமாட்டார். அவருடைய ஞாயிறு விரதம் நமக்குச் சம்மதமில்லை. ஞாயிறு வசூலை அவருடைய கட்சி வேண்டாமென்று சொன்னதுமில்லை. ஆனால் ஒருவர் செய்த நியாயத்தை ஒப்புக்கொள்ளுவதற்கு அவருடைய மற்ற அபிப்பிராயங்கள் தடையாகக் கூடாது. ராபின்சன் பட்ட வசவுகளும் மிரட்டல் கடிதங்களும் கொஞ்சமல்ல. ஆனால் அந்த வருஷம் புரூக்ளின் மைதானத்திற்கு வந்த ஜனங்கள் 18 லட்சத்திற்கு மேல். அந்த லீக்கில் அதுவரை காணாத கூட்டம். கறுப்பன் ஆடினால் கூட்டம் வராது என்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். ஒன்றன்பின் ஒன்றாக மற்றக் கட்சிகளும் கதவைத் திறந்தன.

எல்லோருக்கும் கடைசியாகத் திறந்தது எது தெரியுமா? பாஸ்டன் ரெட் சாக்ஸ் கட்சி. பென்வே பார்க்குக்குச் சொந்தக்காரர்கள். 1959-ல்தான் முதல் கறுப்பு ஆட்டக்காரரைச் சேர்த்தார்கள். இதில் வயிற்றெரிச்சலான சங்கதி என்னவென்றால், 1945-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி இதே ஜாக்கி ராபின்சனும் வேறு இரண்டு கறுப்பு ஆட்டக்காரர்களும் இதே பென்வே பார்க்கில் பரீட்சைக்கு வந்து ஆடிக் காட்டினார்கள் என்பதுதான். நகர சபை அங்கத்தினர் ஒருவரும் பத்திரிகைக்காரர்களும் நெருக்கியபடியால் பரீட்சை என்று பெயர் பண்ணினார்கள். பிறகு சொல்லியனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டு, சொல்லியனுப்பவே இல்லை.

இந்தக் கட்சி 1918-ல் சாம்பியன் பட்டம் வாங்கியது. அதன்பிறகு 86 வருஷம் வாங்கவில்லை. அதற்கு ஊரார் சொல்லிக்கொண்ட காரணம் என்ன தெரியுமா? சாபமாம்! பேப் ரூத் என்கிற பெரிய ஆட்டக்காரரை நியூயார்க்குக்கு விற்றுவிட்ட பாவம் தொடர்கிறதாம். சிகாகோவிலும் இப்படியே ஒரு கதை. 1945-ல் ஒரு சாராயக் கடைக்காரர் தமது ஆட்டுக்கடாவுக்கும் டிக்கட்டு வாங்கி அதை ரிக்ளி பீல்டுக்கு அழைத்து வந்தாராம்; நாற்றம் என்று வெளியேற்றினார்களாம்; அவர் சபித்துவிட்டாராம்; அதனால்தான் 1908-க்குப் பிறகு பட்டமே வரவில்லையாம். இதை வேடிக்கைக்குச் சொன்னதோடு நின்றார்களா? சாபம் தீர ஆடுகளைப் பிடித்து மைதானத்தில் உலாவ விட்டார்கள். துரதிர்ஷ்டம் பிடித்த பந்து என்று ஒரு பந்தை 2004-ல் வெடி வைத்துத் தகர்த்தார்கள். 2008-ல் ஒரு பாதிரியாரை அழைத்து ஆட்டக்காரர் உட்காரும் இடத்தில் தீர்த்தம் தெளித்தார்கள். தெளித்த பலன், அந்தச் சுற்றில் ஆடிய மூன்று ஆட்டத்திலும் தோல்வி.

பிறகு இந்தச் சாபங்கள் எப்படித் தீர்ந்தன? பாஸ்டன் 2004-ல் ஜெயித்தது. சிகாகோ 2016-ல் ஜெயித்தது. இரண்டிடத்திலும் நிர்வாகம் செய்தவர் தியோ எப்ஸ்டீன் என்கிற ஒரே மனிதர். அவர் தீர்த்தம் தெளிக்கவில்லை. ஆட்டுக்கடாவுக்குப் பூஜை போடவில்லை. ஒவ்வோர் ஆட்டக்காரனும் எத்தனை முறை அடித்தான், எத்தனை முறை தவறினான், எவனுடைய திறமையை மற்றவர்கள் கவனியாமல் விட்டார்கள் என்று கணக்குப் பார்த்து ஆள் சேர்த்தார். அவர் சேர்த்து வைத்த கட்சிகளில் வெள்ளையர், கறுப்பர், தென்பக்கத்துத் தீவுக்காரர் எல்லோரும் இருந்தார்கள்.

நாம் கேட்பது இதுதான்: பேப் ரூத்தை விற்றது ஒரு நாள் காரியம். ராபின்சன் போன்றவர்கள் வாசற்படியில் வந்து நிற்க, நிறத்தைப் பார்த்துத் திருப்பியனுப்பியது வருஷக்கணக்கான காரியம். ஒரு கட்சி தோற்பதற்குப் பல காரணம் இருக்கும். இது ஒன்றே காரணம் என்று நாம் சொல்ல வரவில்லை. ஆனால் கண்ணுக்கு முன்னால் நிற்கிற காரணத்தைப் பார்க்காமல், செத்துப்போனவனுடைய சாபத்தைத் தேடியலைந்தார்களே, அது ஏன்? ஏனெனில் சாபம் என்று சொல்லிவிட்டால் ஒருவனும் வெட்கப்பட வேண்டியதில்லை. ஜாதி என்று ஒப்புக்கொண்டால் எல்லோரும் தலைகுனிய வேண்டும். தன் குற்றத்தை மறைக்க மனிதன் கண்டுபிடித்த போர்வைகளில் விதி, சாபம், தெய்வ சித்தம் என்பவைகளைப்போல் மலிவானது வேறில்லை.

அந்தக் காலத்து மாளிகைகளில் பெரும்பாலானவை இன்றில்லை. எபெட்ஸ் பீல்டை 1960-ல் இடித்துக் குடியிருப்பு வீடுகள் கட்டினார்கள். கிரிபித் ஸ்டேடியம் இருந்த இடத்தில், கறுப்பு மக்கள் கல்விக்கென்று ஏற்பட்ட ஹோவர்டு சர்வகலாசாலையின் ஆஸ்பத்திரி நிற்கிறது. ஒரு காலத்தில் வலது ஓரத்தில் ஒதுக்கப்பட்டவர்களுடைய பேரப்பிள்ளைகள் அங்கே டாக்டர்களாக இருக்கிறார்கள் என்றால், இடித்ததற்காக நாம் அழ வேண்டியதில்லை. ஷைப் பார்க்கு இருந்த இடத்திலோ இப்போது ஒரு மாதா கோயில்! ஒரு கொட்டகை வேத பாடசாலை இருந்த இடத்தில் வந்தது. மற்றொரு கொட்டகை இருந்த இடத்தில் கோயில் வந்தது. எந்த இடத்திற்கும் பிறவியிலேயே புனிதமும் இல்லை, தீட்டும் இல்லை என்பதற்கு இதைவிட வேறென்ன ருசு வேண்டும்? பென்வே பார்க்கும் ரிக்ளி பீல்டும் மாத்திரம் இன்னும் நிற்கின்றன.

ஆகவே தோழர்களே, நாம் சொல்ல வந்தது ஒன்றே. மரம் எரிகிறது என்று கண்டவுடன் அமெரிக்கர்கள் கான்கிரீட்டு கண்டு பத்துப் பதினைந்து வருஷத்திற்குள் கொட்டகைகளையெல்லாம் மாற்றிவிட்டார்கள். ஆனால் அந்தக் கான்கிரீட்டுக்குள்ளேயே நிறச் சுவரையும் வைத்துக் கட்டி, நாற்பது வருஷம் காப்பாற்றினார்கள். கட்டடத்தை மாற்றுவதற்கு வேண்டிய புத்தி அவர்களிடம் இருந்தது. மனத்தை மாற்றுவதற்கு வேண்டிய நாணயம் இல்லை. கொட்டகை எவ்வளவு உயரம், எத்தனை ஆயிரம் ஆசனம், எவ்வளவு செலவு என்று கேட்பது போதாது. எந்த வாசலில் யாரை விடுகிறார்கள், எந்தக் குழாயைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். நாகரிகத்தை அளக்கும் முழக்கோல் அதுதான். பூட்டைப் போட்டவன் மனிதனாயிருக்கும்போது, திறக்கத் தெய்வம் வருமென்று காத்திருப்பதில் பயனில்லை. மனிதனே திறக்க வேண்டும். திறக்காவிட்டால் உடைக்க வேண்டும்.